பரிசு போகும் வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதா?

சில வருடங்களுக்கு முன்பு, நவராத்திரி சமயம். இரவு ஒன்பது மணி இருக்கும். ஒன்றேகால் வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு குடும்பமே அவசரப் பிரிவுக்கு ஓடி வந்தது. "சாயங்காலத்துல இருந்து எச்சில் வடிச்சுக்கிட்டே இருக்கான் டாக்டரம்மா. பால் குடுத்தா கக்குறான். காசு எதையோ முழுங்கிட்டான்னு நினைக்கிறோம்" என்றார் அம்மா. எக்ஸ்ரே எடுத்தோம். உணவுக்குழாயின் மேல்பகுதியில் வட்டமாக ஒன்று தெரிந்தது. காசு என்றால் ஒரே வட்டமாகத் தெரியும். இதில் விளிம்பை ஒட்டி உள்ளே இன்னொரு வளையம் இருந்தது. பட்டன் பேட்டரி, அதாவது காசு போல வட்டமான குட்டி பேட்டரி. ஆபரேஷன் தியேட்டரைத் திறக்கச் சொல்லிவிட்டேன்.

மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் கருவி விட்டு எடுத்தோம். விழுங்கி நான்கு மணி நேரம் போல ஆகியிருந்தது. பேட்டரி உட்கார்ந்திருந்த இடம் கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பல நாள் பால் இறக்கினோம். பிறகும் மாதக்கணக்கில் வரச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளை தேறிவிட்டான்.

அந்தப் பேட்டரி எங்கிருந்து வந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது. கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க, அவனுடைய பாட்டி அகல் விளக்குகளுக்குத் தன் கையால் வண்ணம் தீட்டி, குந்தன் கல் ஒட்டி, நடுவில் எல்.இ.டி. விளக்கு வைத்து நாற்பது பரிசு செய்திருந்தார். அதில் ஒன்று கீழே விழுந்து, விளக்கின் அடிமூடி கழன்றிருக்கிறது. "நான்தானே டாக்டரம்மா செஞ்சேன்" என்று வார்டு வாசலில் நின்று அவர் அழுதார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு ஆபத்து உண்டென்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து கொலு, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று பண்டிகைகள் வரிசைகட்டுவதற்கு முன்பாக, கேட்கிற எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காது மூக்கு தொண்டை மருத்துவராக என் பண்டிகைக் காலம் பெரும்பாலும் சின்னப் பொருள்களை எடுப்பதில்தான் கழிகிறது.

தீயில்லாத விளக்கு பாதுகாப்பானது என்று நினைத்துத்தான் எல்.இ.டி. வாங்குகிறோம். சேலை முந்தானை பற்றாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குட்டி விளக்குகள் பலவற்றில் இருப்பது சிஆர் 2032 என்ற பேட்டரி. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: 20 மி.மீ. குறுக்களவு, 3.2 மி.மீ. தடிமன். ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு. ஈரமான சதை இரண்டு பக்கமும் தொட்டதும் மின்சுற்று முழுமையாகிவிடும். எதிர்முனைப் (மைனஸ்) பக்கம் காரம் உண்டாகும், காஸ்டிக் சோடா போல. சதை வெந்துபோக இரண்டு மணி நேரம் போதும். பேட்டரியை எடுத்த பிறகும் புண் நாள்கணக்கில் ஆழமாகிக்கொண்டே போகலாம். பக்கத்திலேயே மூச்சுக்குழாயும் பெரிய ரத்தக்குழாயும் இருப்பதுதான் எங்களுக்கு நடுக்கம். விளக்கு எரியாத, "தீர்ந்துபோன" பேட்டரியிலும் இதைச் செய்யப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரேயும், வாய் வழியாகக் கருவி விட்டு எடுக்கும் எண்டோஸ்கோப்பியும் உள்ள மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறு, வாழைப்பழம் எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு வயது நிறைந்த குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு முறை. தேன் சதைக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு பூச்சாக நின்று வேகத்தைக் குறைக்கும். தேன் தேடிக் கடைக்குப் போய் நேரத்தைக் கழிக்க வேண்டாம். மூக்கிலோ காதிலோ பேட்டரி போயிருந்தால் சொட்டு மருந்து எதுவும் விடாதீர்கள், ஈரம் பட்டால் இன்னும் மோசம். மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்து வந்த குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன்.

விளக்குப் பரிசு செய்தே தீருவேன் என்றால், பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பாட்டு பாடும் வாழ்த்து அட்டைக்கும் இதே எச்சரிக்கைதான். மாற்றி எடுத்த பழைய பேட்டரியின் இரு பக்கமும் செலோ டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடையில் விற்கிற பொம்மைக்கு நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகள் சோதனைக்குப் போய்த்தான் வர வேண்டும். நாம் வீட்டில் செய்து கொடுப்பதைச் சோதிக்க நம்மைத் தவிர யாரும் இல்லை. அதிலும் தாம்பூலப் பரிசு ஒரு வீட்டோடு நிற்காது. நம்மிடம் வாங்கியதை அவர்கள் அடுத்த தெருவில் கொடுப்பார்கள். நமக்குத் தெரியாத ஒரு வீட்டின் தரையில் அது கிடக்கும், அங்கே ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும்.

சோதனையை வீட்டிலேயே செய்ய ஒரு வழி சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. சரியாக 10 செ.மீ. நீளமுள்ள அட்டைத் துண்டை வளைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுங்கள். ஏறக்குறைய 32 மி.மீ. குறுக்களவுள்ள வளையம் கிடைக்கும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் வாய் 31.7 மி.மீ. உங்கள் பரிசில் உள்ள மணி, பொத்தான், கல், மூடி எது கழன்றாலும் அது அந்த வளையத்துக்குள் புகுந்துவிடும் என்றால், அந்தப் பரிசு மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகக் கூடாது. பந்து, உருண்டை என்றால் இன்னும் பெரிதாக, 4.5 செ.மீ.க்கு மேல் இருக்கட்டும். உருண்டை தொண்டையில் போய் அடைத்தால் காற்றுக்குச் சந்தே இருக்காது.

"நல்லா ஒட்டியிருக்கேன், கழறாது" என்பார்கள். குழந்தையின் வாய் ஈரம், கடைவாய்ப் பல், இழுக்கிற இழுப்பு மூன்றும் சேர்ந்தால் க்ளூ கன்னில் உருக்கி ஒட்டிய பசை விட்டுவிடும். துணிப் பொம்மைக்குக் கண் வைக்க வேண்டுமா, நூலால் எம்ப்ராய்டரி போடுங்கள். பொம்மையில் தொங்கும் கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றும். பிறந்த குழந்தைக்குக் குரோஷாவில் காலுறை பின்னுகிறவர்கள் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழை விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழும்.

மணிகளும் தெர்மாகோல் உருண்டைகளும் எங்கள் துறையின் நிரந்தர விருந்தாளிகள். ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி, அதுவும் நாற்றத்தோடு வந்தால், உள்ளே ஏதோ பொருள் இருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். ஜலதோஷ மருந்து கொடுத்து வாரக்கணக்கில் காத்திருந்து வருகிறார்கள், உள்ளே ஒரு முத்துமணி இருக்கிறது. ஹேர்பின்னாலும் பட்ஸாலும் எடுக்கப் பார்த்தால் இன்னும் உள்ளேதான் போகும். பயறு, பட்டாணி ஒட்டிச் செய்கிற படத்திலிருந்து ஒரு விதை காதுக்குள் போனால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊறிப் பெருக்கும். கண்ணாடிக் குடுவையில் அலங்காரத்துக்குப் போடும், தண்ணீரில் பெருக்கும் ஜெல் மணிகளைக் குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுக்கவே வேண்டாம். வயிற்றுக்குள் பெருத்துக் குடலை அடைக்கும், எக்ஸ்ரேயிலும் தெரியாது. குட்டி குட்டியான, வலுவான காந்தங்களும் அப்படித்தான். இரண்டு விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் பிடித்து ஓட்டை போட்டுவிடும்.

குன்றிமணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோம், ஆசாரிகள் தங்கம் நிறுக்க வைத்திருந்தார்கள். அந்தச் சிவப்பும் கறுப்பும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. முழு விதையை விழுங்கினால் கெட்டித் தோல் காப்பாற்றி வெளியே வந்துவிடுவது உண்டு. கடித்தாலோ, கோப்பதற்காகத் துளை போட்டாலோ அந்தக் காப்பு போய்விடும். 2011ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஈடன் ப்ராஜெக்ட் என்ற தாவரத் தோட்டம் தான் விற்ற குன்றிமணிக் கைவளையங்களைத் திரும்பப் பெற்றது. கைவினை மோகத்தில் இங்கேயும் இப்போது குன்றிமணி மாலையும் பிரேஸ்லெட்டும் கோக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிள்ளையாருக்கு வைத்ததையும் சதுர்த்தி முடிந்ததும் எண்ணி எடுத்துவிடுங்கள்.

செய்கிறவர்களின் கையைப் பற்றியும் கொஞ்சம். க்ளூ கன்னிலிருந்து வரும் பசை கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடாக இருக்கும், ஒட்டிக்கொண்டு சுடும். பட்டால் பிய்த்து இழுக்காமல் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இட்லி மாவு, பேனா மை, பற்பசை ஒன்றும் வேண்டாம். பெவிக்விக் மாதிரியான பசை பருத்தித் துணியில் சிந்தினால் துணியே சூடேறித் தோல் பொத்துப்போகும். கண், காதுச் சொட்டு மருந்து வைக்கும் இடத்தில் அந்த டியூபை வைக்காதீர்கள். அவசரத்தில் மாற்றி விட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ரெசினில் (ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் திரவம்) சாவிக்கொத்து, போட்டோ செய்கிறவர்கள் நைட்ரைல் கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். அதற்கு ஒருமுறை அலர்ஜி வந்துவிட்டால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. பரணில் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பாவைப் பொம்மைக்கு எடுக்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

தின்பண்டம் செய்து கொடுப்பவர்களுக்கு ஒன்று: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, அதனால் தேன்நெல்லிப் பாட்டிலில் அதை எழுதி ஒட்டுங்கள். கடலை மிட்டாயும் சின்னக் குழந்தைக்கு ஆகாது. மூச்சுக்குழாயிலிருந்து நாங்கள் எடுப்பதில் கடலைதான் முதலிடம்.

இவ்வளவு சொல்கிறாளே, கையால் எதுவுமே செய்யக் கூடாதா என்று தோன்றலாம். எனக்கு ஆசையெல்லாம் நீங்கள் செய்ய வேண்டும் என்பதுதான். நானும் வருடாவருடம் செய்கிறேன். பழைய பருத்திப் புடவையை ஆறு இலைகளாக வெட்டித் தைத்து, உள்ளே துணிச் சுருளை இறுக்கமாக அடைத்தால் ஒரு அருமையான பந்து. உள்ளங்கையை நிறைக்கும் அளவு, கையிலேயே இரட்டைத் தையல். அம்மாவின் புடவை மணத்தோடு ஒரு பேரனுக்கு அது போனால் அதைவிடப் பெரிய பரிசு எது? நாலு பக்கத் துணிப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு காய். தாத்தா பாட்டிக்கு என்றால் மணி, கண்ணாடி, சமிக்கி எல்லாம் தாராளமாக வைக்கலாம், அந்த வீட்டுக்குப் பேரப் பிள்ளைகள் லீவுக்கு வருவார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டு.

கடைப் பெட்டியில் வயது அச்சடித்திருப்பார்கள். நம் பரிசில் நாமே எழுதிக் கட்டலாம். நான் கட்டுகிற சீட்டு இது: "உள்ளே பேட்டரி இருக்கிறது, மணி ஒட்டியிருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் உயரத்தில் வையுங்கள். வேறு யாருக்காவது கொடுத்தால் இந்தச் சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்."