"2003லேயே போட்டாச்சு சார்!"

சென்னை மேற்கு மாம்பலம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. போர்வெல் வற்றிவிட்டது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். "மழைநீர் சேகரிப்பு இருக்கா?" என்று கேட்டேன். சங்கச் செயலாளர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "அம்மா ஆட்சியிலயே, 2003லேயே போட்டாச்சு சார்." மழைநீர்க் குழியின் மூடியைத் திறந்தால் உள்ளே இறுகிப்போன சேறு, பால் கவர், சிகரெட் துண்டு. மொட்டை மாடியிலிருந்து வரும் குழாய் குழிக்கு ஓர் அடி முன்னாலேயே நின்றுவிட்டது. பெயின்ட் அடித்தபோது கழற்றினார்களாம், திரும்ப மாட்டவில்லை. வாசலில் தண்ணீர் லாரி.

கட்டடங்களின் தண்ணீர் ஏற்பாடுகளைப் பார்த்துச் சரிசெய்வது என் தொழில். கோடைக்குக் கோடை இந்த "போட்டாச்சு"வைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் ஜெயலலிதா அரசு 2003இல் கொண்டுவந்த மழைநீர் சேகரிப்புச் சட்டம் என்ன செய்தது, எதைச் செய்யவில்லை என்று எழுதிவிடுகிறேன். அவரைப் பிடிக்கும், பிடிக்காது என்பது உங்கள் பாடு. நான் குழியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

1991இல் முதன்முறை முதல்வரானவர் ஜெயலலிதா. 2001இல் மறுபடி முதல்வராகி, சில மாதங்களிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பதவியை இழந்தார். ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் ஜெயித்து 2002 மார்ச்சில் திரும்ப வந்தார். மழை பொய்த்து, சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, புழல் ஏரிகள் வற்றத் தொடங்கியிருந்த காலம் அது. புதுக் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே இருந்தது. பழைய கட்டடங்களை யாரும் தொடவில்லை.

2003 ஜூலையில் அவருடைய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மாநகராட்சி, நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி, பழசு புதுசு என்ற பேதமில்லாமல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். கெடு அக்டோபர் 10, அதாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால். செய்யாவிட்டால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு மாநகராட்சியே ஆள் வைத்துச் செய்து, செலவைச் சொத்து வரி வசூலிப்பது போல வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். நம் ஊர்ச் சுற்றுச்சூழல் சட்டங்களில் பெரும்பாலானவை "செய்ய வேண்டும்" என்பதோடு நின்றுவிடும். இது செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னது.

இன்னொன்றும் உண்டு. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் சுமார் 1.7 லட்சம் பேரைக் கூண்டோடு வேலைநீக்கம் செய்ததும் அதே ஜூலையில்தான். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் இந்த அம்மா சொன்னால் செய்துவிடுவார் என்ற பயம் ஊரெல்லாம் இருந்தது. தெருத்தெருவாகக் குழி தோண்டினார்கள். பிளம்பர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

2005இல் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு கிணறுகளில் தண்ணீர் மேலே வந்தது. அதில் மழையின் பங்கு எவ்வளவு, குழிகளின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. குழி இல்லாமல் இருந்திருந்தால் அதில் இன்னும் நிறையத் தண்ணீர் தெருவழியே கடலுக்குப் போயிருக்கும் என்பதை மட்டும் சொல்வேன்.

அதே 2003இல் அதே அரசு நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியது. 1987இலேயே தனி நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ் வந்துவிட்ட சென்னைப் பகுதி தவிர மற்ற இடங்களில் கிணறு தோண்ட அனுமதி, இருக்கும் கிணறுகளுக்குப் பதிவு என்று நல்ல நல்ல விஷயங்கள் அதில் இருந்தன. அது நடைமுறைக்கு வரவேயில்லை. 2013இல் அவர் முதல்வராக இருக்கும்போதே ரத்தும் செய்துவிட்டார்கள். அதாவது நீரை நிலத்துக்குள் விடச் சொன்ன சட்டம் பிழைத்தது, உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறக்கும்போதே செத்துவிட்டது. அவரைப் பாராட்டுகிறவர்கள் முதலாவதை மட்டும் சொல்கிறார்கள். திட்டுகிறவர்களுக்கு இரண்டாவது தெரியவே தெரியாது.

சரி, "போட்டாச்சு"வுக்கு வருகிறேன். மழைநீர்க் குழி என்பது ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய சுவர் இல்லை. ஒவ்வொரு மழையிலும் மாடித் தூசி, இலை, மண் எல்லாம் உள்ளே இறங்குகிறது. அடியில் மெழுகியது போல ஒரு வண்டல் படலம் உட்காருகிறது. காபி ஃபில்டரின் துளைகள் அடைத்துக்கொண்டால் டிகாக்‌ஷன் இறங்குமா? அதே கதைதான் இதுவும். 2003 அவசரத்தில் போட்ட குழிகளில் பல, இடுப்பளவு ஆழத்தில் செங்கல் ஜல்லியைக் கொட்டி மேலே மணல் பரப்பியவை. அந்த ஜல்லியை யார் எடுத்துக் கழுவினார்கள்? அசோக் நகர், விருகம்பாக்கம் போன்ற களிமண் பகுதிகளில் இன்னும் மோசம். குழி களிமண்ணிலேயே முடிந்துவிட்டால் தண்ணீர் இறங்காது, தேங்கும், கொசு வரும். அப்புறம் கொசுவுக்காகக் குழியையே சிமென்ட் போட்டு மூடிவிடுவார்கள். இத்தனைக்குப் பிறகும் வாய் மட்டும் "போட்டாச்சு" என்கிறது. போட்டது 2003இல். இன்றைக்கு வேலை செய்கிறதா என்பதுதான் என் கேள்வி.

கணக்கு வேண்டுமா? ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில், சென்னையின் சராசரி மழைக்கு, வீணாவது போக வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடு. 2019 கோடையில் அந்த எட்டு லோடுக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

செப்டம்பரிலேயே பிளம்பரைக் கூப்பிடுங்கள், அக்டோபரில் அவர் போனை எடுக்கமாட்டார். மாடியைப் பெருக்குங்கள், குழாய் முழுதாகக் குழி வரைக்கும் போகிறதா என்று பாருங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விடக் குழாயில் தனி மூடி வையுங்கள். களிமண் பகுதியென்றால், மணல் அடுக்கு வரும்வரை சிமென்ட் உறைகளை இறக்கி, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் கசிவுக் கிணறாக மாற்றுங்கள். கேட்டருகே குறுக்காக ஒரு கால்வாய் வெட்டி, மேலே கம்பி வலை போட்டால் தரையில் விழும் மழையும் தெருவுக்கு ஓடாமல் அந்தக் கிணற்றுக்கு வரும். வண்டி நிற்கும் தரையின் தண்ணீரை மட்டும் நேரே போர்வெல்லுக்குள் விடாதீர்கள், எண்ணெயும் சேறும் உள்ளே போனால் போர்வெல் பாழ். பாத்ரூம் தண்ணீரை மழைநீர்க் குழியில் சேர்த்திருக்கும் புண்ணியவான்களுக்கு ஒன்று: நீங்கள் குடிக்கும் நிலத்தடி நீரில்தான் அதைக் கலக்கிறீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன், வருடக்கணக்கில் மூடிக் கிடந்த கிணற்றுக்குள் "சும்மா இறங்கிப் பாருப்பா" என்று யாரையும் இறக்காதீர்கள். உள்ளே விஷவாயு இருந்தால் குரல் கொடுக்கக்கூட நேரம் இருக்காது. மேலேயிருந்தே இயந்திரம் வைத்துச் சேற்றை எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

புதுசாக ஃப்ளாட் வாங்குகிறவர்கள், வரைபடத்தில் குழி இருக்கிறது என்று பில்டர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். மாடிக்குப் போய் நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, கீழே நின்று அது எங்கே வருகிறது என்று பாருங்கள். தெருவில் வந்தால், குழாயைச் சரிசெய்து காட்டும்வரை சாவியை வாங்காதீர்கள்.