டெஸ்க்டாப், லைட்வெயிட் டெஸ்க்டாப்: சொல் விளக்கம்

தர்மபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கணினிக் கடைகளில் 'டெஸ்க்டாப்' என்று கேட்டால் ஒரே பொருளைத்தான் காட்டுவார்கள்: பெட்டி, மானிட்டர், கீபோர்டு, மவுஸ். லேப்டாப் அல்லாததெல்லாம் டெஸ்க்டாப். அங்கே ஒரு கல்லூரி மாணவர் பழைய லேப்டாப்பை நீட்டி, "அண்ணா, இதுல லைட்வெயிட் டெஸ்க்டாப் ஒண்ணு போட்டுத் தாங்க" என்றால், "லேப்டாப்புல எப்படிப்பா டெஸ்க்டாப் போடறது?" என்றுதான் பதில் வரும். இரண்டு பேர் மீதும் தப்பில்லை. ஒரே சொல்லை இரண்டு பொருளில் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் பயன்படுத்துவோர் டெஸ்க்டாப் என்று சொல்வது, கணினி எழுந்ததும் திரையில் நம் கைக்குக் கிடைக்கும் மொத்தத் தொகுதியை. கீழே ஓடும் பட்டை, மெனு, சாளரங்களை நகர்த்தி மூடும் நிரல், கோப்புறைகளைத் திறந்து காட்டும் நிரல், அமைப்புகள் எல்லாம் அதில் அடக்கம். இதன் முழுப்பெயர் டெஸ்க்டாப் என்விரான்மென்ட். விண்டோஸில் இதைத் தனியாகக் கழற்றி மாற்றுவதில்லை. அதனால் அங்கே புழங்கியவர்களுக்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. லினக்ஸில் வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னல் அடியில் இருக்கும், இந்தத் தொகுதி மேலே வந்து உட்காரும். ஒன்று பிடிக்கவில்லையென்றால் வேறொன்றை நிறுவிக்கொள்ளலாம். கணினிக்கு அதிகச் சுமை தராததை லைட்வெயிட் என்பார்கள். கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே இன்று எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் முடியும்.

இந்தச் சொல் இப்போது நம் ஊர்களில் அடிபடக் காரணம் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செயலி பழையதாக இருக்கக் கூடாது என்கிறது. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த மடிக்கணினிகள் பாலக்கோடு, அரூர், பென்னாகரம் பக்கம் எத்தனையோ வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, லைட்வெயிட் டெஸ்க்டாப்போடு லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். ஆனால் என்ன கேட்டு வாங்குவது, எதைத் தேடுவது என்பதற்குச் சரியான சொல் வேண்டும்.

முதலில் வேர். டெஸ்க் என்ற ஆங்கிலச் சொல் கிரேக்க 'டிஸ்கோஸ்' என்பதில் தொடங்குகிறது. அது எறிவட்டு. லத்தீனில் 'டிஸ்குஸ்' ஆகி, பிறகு எழுதுமேசை என்ற பொருளுக்கு வந்தது. அதே வேரிலிருந்துதான் டிஸ்க் (நம் ஹார்டு டிஸ்க்), சாப்பாட்டு டிஷ், கூட்டங்களில் பேச்சாளர் ஏறும் டயஸ் ஆகியவையும் பிறந்தன. டயஸ் என்றால் மேடை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மேசைப் பரப்பைத் திரைக்குக் கொண்டுவந்தது ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையம். 1973-இல் அங்கே உருவான ஆல்டோ கணினியில் சுட்டியும் படவழி இடைமுகமும் இருந்தன. 1981-இல் விற்பனைக்கு வந்த ஜெராக்ஸ் ஸ்டாரில் காகிதம், கோப்புறை, அஞ்சல் பெட்டி எல்லாம் சிறு படங்களாகத் திரையில் வந்துவிட்டன. அலுவலக ஊழியர் தன் மேசையில் காண்பதைத் திரையிலும் காணட்டும் என்பது எண்ணம். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. லினக்ஸ் உலகின் டெஸ்க்டாப் தொகுதிகளில் எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ இரண்டும் 1996-இல் தொடங்கின, க்னோம் 1997-இல். 2006-இல் தைவானைச் சேர்ந்த ஹாங் ஜென் யீ தொடங்கிய எல்எக்ஸ்டிஇ-யின் பெயரிலேயே 'லைட்வெயிட்' இருக்கிறது. அதன் வழிவந்த எல்எக்ஸ்க்யூடிதான் இன்றைய லுபுண்டு என்ற லினக்ஸ் வகையில் வருகிறது.

இனி தமிழ். 'மேசை'யை வைத்துச் சொல் ஆக்கியவர்கள் உண்டு: மேசைத்தளம், மேல்மேசை. மேசை என்பதே போர்ச்சுகீசிய 'மெசா'விலிருந்து வந்து தமிழாகிவிட்ட சொல். அதனால் அதை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்; மேசைக்கணினி நல்ல சொல்தான். ஆனால் மேசை என்றதும் மனம் பெட்டிக் கணினிக்கே போகிறது, தர்மபுரிக் கடையில் நடந்த குழப்பம் தமிழிலும் தொடரும். 'பணிச்சூழல்' என்றும் எழுதுகிறார்கள். அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது: "கம்பெனியில பணிச்சூழல் சரியில்லை" என்று ஓசூர் தொழிற்பேட்டையில் யாரும் சொல்வார்கள்.

எனக்குச் சரியாகப் படுவது பணிமேடை. லினக்ஸ் மென்பொருள்களைத் தமிழாக்கியவர்கள் ஏற்கெனவே கையாண்ட சொல் இது. மேடு என்பதிலிருந்து மேடை. வேலைக்காக உயர்த்தி அமைத்த இடம். டெஸ்க்கும் டயஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதால் வேர்ப்பொருளும் பக்கத்தில் வருகிறது. முழுத்தொகுதியையும் சுட்ட வேண்டுமானால் பணிமேடைச் சூழல். என்விரான்மென்ட் என்பதன் பிரெஞ்சு மூலம் 'சுற்றி' என்ற பொருளுடையது, சூழலுக்கும் வேர் 'சூழ்'. பின்னணிப் படமும் நிரல்களைச் சுட்டும் சிறு படங்களும் இருக்கும் வெறும் திரைப்பரப்பைத் திரைமுகப்பு என்று தனியாகச் சொல்லலாம்.

அப்புறம் 'லைட்வெயிட்'. ஓட்டுநர் உரிமம் எடுத்த எல்லோருக்கும் இலகுரக வாகனம், கனரக வாகனம் தெரியும். 'இலகு' வடமொழி 'லகு'வின் தமிழ் வடிவம். தனித்தமிழில் தேடினால் 'நொய்' கிடைக்கும். நம் மாவட்டத்தில் அது அன்றாடச் சொல்: நொய்யரிசியைக் கொதிக்கவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிளறினால் களி. நொய்ம்மை என்றால் கனமின்மை, நுண்மை. இவ்வளவு நெருக்கமான சொல்லை எடுத்துக்கொள்ளலாமே என்று ஆசையாக இருக்கும். ஆனால் அதில் நலிவும் கலந்திருக்கிறது. கம்பர் அவையடக்கத்தில் தன் சொல்லை 'நொய்தின் நொய்ய சொல்' என்று தாழ்த்திக்கொள்வது அந்தப் பொருளில்தான். நலிந்த பணிமேடை என்று தொனித்தால் யார் நிறுவுவார்கள்?

வாகனத்தில் நாம் சொல்வது வாகனத்தின் எடையை. இங்கே பேச்சு, கணினியின் மீது மென்பொருள் ஏற்றும் சுமையைப் பற்றியது. அதனால் விளக்கிச் சொல்லும்போது 'சுமை குறைந்த பணிமேடை', சுருக்கமாக 'இலகு பணிமேடை' என்பதே என் தேர்வு.

சுமையைக் கண்ணால் பார்க்கலாம். எந்த நிரலையும் திறக்காமல், முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) 'ஃப்ரீ' என்ற கட்டளையைக் கொடுங்கள். க்னோம் பணிமேடை சும்மா நிற்கும்போதே ஏறத்தாழ 1 ஜிபி நினைவகத்தைப் பிடித்திருக்கும். எல்எக்ஸ்க்யூடி அதில் பாதி அளவில் நின்றுவிடும். பதிப்புக்குப் பதிப்பு எண் கொஞ்சம் மாறும். 2 ஜிபி மட்டுமே உள்ள மடிக்கணினியில் அந்த அரை ஜிபிதான் உலாவி திறக்குமா திணறுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்தக் கட்டளை காட்டும் அட்டவணையில் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் கோப்புகளின் தற்காலிக இருப்புக்கு எடுத்துக்கொள்ளும், நிரல் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். 'அவைலபிள்' பத்தியில் இருப்பதே உண்மையில் நமக்குள்ள இடம்.

பணிமேடை இலகுவாக இருப்பதால் இணையதளங்கள் இலகுவாகிவிடாது. பத்து தாவல்களைத் திறந்தால் எந்தப் பணிமேடையும் திணறும். முடிந்தால் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் வட்டு இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி போடுங்கள், வேகம் உடனே தெரியும். 32 பிட் செயலி மட்டும் உள்ள மிகப் பழைய கணினிக்கு இன்றைய லுபுண்டு ஏறாது. ஆன்டிஎக்ஸ் 23 என்ற இன்னொரு லினக்ஸ் வகை ஏறும். அதில் முழுப் பணிமேடை கிடையாது, ஐஸ்டபிள்யூஎம் போன்ற சாளர மேலாளர்கள் (சாளரங்களை நகர்த்தி மூடும் நிரல்கள்) இருக்கும்.

கடையில் கேட்கும்போது இப்படிச் சொல்லலாம்: "அண்ணா, லேப்டாப் பழசு, ரேம் ரெண்டு ஜிபிதான். லினக்ஸ்ல சுமை குறைஞ்ச பணிமேடையா ஒண்ணு போட்டுத் தாங்க, லுபுண்டு மாதிரி. நிறுவறதுக்கு முன்னாடி பென்டிரைவ்லயே ஓட்டிக் காட்டுங்க, வைஃபை வேலை செய்யுதான்னு பார்த்துக்கறேன்."