செடி வாங்கும் முன் கறுப்பு மண் எங்கே என்று பாருங்கள்

மலையகத்தில் டவுன் பக்கம் புதுவீடு கட்டி வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறை அநேகமாக ஒன்றுதான்: "எவ்வளவு பசளை போட்டாலும் கோவா வளரவே மாட்டேங்குது சேர்."

மார்ச்சில் ஹட்டனில் ஒரு வீட்டுக்குப் போனேன். பின்புறத்தில் போஞ்சி ஒரு சாண் உயரத்தில் மஞ்சளடித்து நின்றது. மம்பட்டியால் ஒரு கொத்துக் கொத்தினால் செங்கல் நிறத்தில் இறுகிய மண், ஒரு மண்புழுகூட இல்லை. வீட்டுக்காக மேட்டை வெட்டி மட்டம் பண்ணியபோது பெக்கோ இயந்திரம் முதலில் வழித்தது மேலே கிடந்த கறுப்பு மண்ணைத்தான், அதை அப்படியே வேலிக்கு அப்பால் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன், அந்தக் குவியலில் யாரும் விதைக்காத பூசணி கொழுகொழுவென்று படர்ந்து கிடக்கிறது!

தயவுசெய்து, வீடு கட்டப்போகிறவர்கள் முதல் நாளே அந்தக் கறுப்பு மண்ணை ஓர் ஓரமாகக் குவித்து மூடி வைக்கச் சொல்லுங்கள். செடி எப்போதும் வாங்கலாம், அந்த மண் உருவாக எத்தனையோ வருடம் பிடித்திருக்கும்.

அடுத்தது மண்ணின் புளிப்பு. அதை பீ.எச். என்ற எண்ணால் சொல்வார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தேயிலைக்கு பீ.எச். 4.5 முதல் 5.5 வரை போதும், மரக்கறிக்கு 6க்கு மேல் வேண்டும். பழைய தேயிலைக் காணி என்றால் மண்ணைப் பரிசோதித்து, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூளை அதற்கேற்ற அளவு நடுவதற்குச் சில வாரம் முன்பே கலந்துவிடுங்கள். புளிப்பு மண்ணில்தான் கோவாவின் வேர் கட்டி கட்டியாக வீங்கும் நோய் அதிகம், ஒரு தடவை வந்தால் வருடக்கணக்கில் மண்ணிலேயே இருக்கும். நாற்றின் வேரோடும் அது வந்துவிடும், ஆகவே கண்ட இடத்தில் நாற்று வாங்காதீர்கள். மண்ணை எங்கே பரிசோதிப்பது என்று கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் சொல்வார்.

தண்ணீர் விஷயம் தெரிந்ததுதான்: பாத்தி சரிவுக்குக் குறுக்காக இருக்கட்டும், மேலே ஒரு கான் வெட்டுங்கள், கூரைத் தண்ணீர் பாத்தியில் விழ வேண்டாம். ஹட்டன் பக்கம் தென்மேற்கு மழை மே கடைசியில் பிடித்துக்கொள்ளும், அதற்கு முன் கான் தயாராக வேண்டும். இன்னும் ரெண்டடி இடம் கிடைக்குமே என்று பின்மேட்டின் அடியை மட்டும் வெட்டிவிடாதீர்கள், மேடு அப்படியே வீட்டின் மேல் சரியும்.

அந்த ஹட்டன் வீட்டில் இப்போது அம்மாவும் மகனும் பின்னேரங்களில், சரிவைக் குடையாமல், குவியலின் மேல்மண்ணை மட்டும் வழித்து உரச்சாக்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். மழைக்கு முன் இரண்டு பாத்திக்குத் தேறிவிடும்.