சுத்திகரித்த கழிவுநீரில் பாசனம்: கையெழுத்துப் போடுவதற்கு முன்

சுத்திகரித்த கழிவுநீரை வயலுக்குத் தரும் விதிகள் நாட்டுக்கு நாடு மாறினாலும், அனுமதி நிலத்துக்குக் கிடைப்பதில்லை. நீரின் தரம், பயிர், பாசன முறை ஆகிய மூன்றும் பொருந்தினால்தான் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ள விதியைப் பாருங்கள். முதல் தரமான 'அ' தர நீரில் 100 மில்லிலிட்டருக்கு ஈ.கோலை (மலக் கலப்பைக் காட்டும் குடல் பாக்டீரியா) 10க்கு மேல் இருக்கக் கூடாது. மூன்றாம் தரத்தில் 1,000 வரை இருக்கலாம். அந்த மூன்றாம் தர நீரைச் சொட்டுநீர் வழியாகத் தக்காளிக்கு விடலாம், தெளிப்பான் வைத்தால் விதிமீறல், பச்சையாகத் தின்னும் கேரட்டுக்கோ எந்த முறையிலும் விடக் கூடாது. நடுப்பருவத்தில் பயிரை மாற்றுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, மாதிரி எங்கே எடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. ஒரு விவசாயி இரண்டு பாட்டில்களுடன் அலுவலகத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். சுத்திகரிப்பு நிலையத்தின் குழாயில் பிடித்தது தெளிந்திருந்தது. திறந்த வாய்க்காலில் ஓடி அவருடைய தொட்டிக்கு வந்ததில் பச்சைப் பாசி மிதந்தது. அதிகாரி முதல் பாட்டிலின் ஆய்வறிக்கையை மட்டும் படித்துவிட்டு, நீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார், விளைச்சலை வாங்க மறுத்தவர்களிடம் அந்த அறிக்கை எடுபடவில்லை. நிலையத்தின் பொறுப்பு நீரை ஒப்படைக்கும் இடத்தோடு முடிந்துவிடும் என்பதால், அந்த இடம் எது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூடுமானவரை உங்கள் வயல் மதகையே அந்த இடமாகக் கேளுங்கள்.

வழக்கமான சுத்திகரிப்பு கிருமியைக் குறைக்குமே தவிர உப்பை எடுக்காது. நான் பார்த்த அனுமதிப் படிவங்களில் உப்புக்கென்று ஒரு கட்டமே இல்லை. நீரில் கரைந்துள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 3ஐத் தாண்டினால் பயன்பாட்டைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் அளவுகோல். படிவம் கேட்காவிட்டாலும் அந்த எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் வடிகால் இல்லாத நிலத்தில் உப்புப் பூத்த பிறகு எந்தத் துறையும் அதற்குப் பொறுப்பேற்காது.

குத்தகை விவசாயிகள் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது. நீர்த்துறை சுகாதாரத் துறையின் கடிதத்தைக் கேட்கும், சுகாதாரத் துறை வேளாண் துறையிடம் அனுப்பும், மூன்றாவது கையெழுத்து விழுவதற்குள் ஆய்வறிக்கை காலாவதியாகியிருக்கும். ஆகவே மற்ற கடிதங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகே நீர் மாதிரியைக் கொடுங்கள். ஒவ்வொரு மேசையிலும் தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டைப் பெறாமல் மனுவை விட்டுவிட்டு வராதீர்கள்.