வாயைக் கட்டுவதற்கு முன் பில்லைக் கேளுங்கள்: கடை விலையில் சட்டம் நமக்குத் தந்திருப்பது

எங்கள் வீட்டில் இரண்டு சம்பளம் ஒன்றாகிப் போன மாதத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். மீன் வாரத்துக்கு ஒரு நாள் என்றானது. முட்டையை எண்ணிப் பொரித்தோம். பால்தேநீர் வெறும் தேநீரானது. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி இரண்டு மாதம் போனபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதச் சாமானைக் குசினி மேசையில் பரப்பிவைத்து, கடைக்காரர் கையால் எழுதித் தந்த சிட்டையோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். சவர்க்காரம், டின் மீன், பிஸ்கட் மூன்றிலும் பைக்கற்றில் அச்சடித்திருந்த விலையைவிடச் சிட்டையில் கூடுதலாக இருந்தது. நாட்டரிசிக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் அதிகம். நாங்கள் முட்டையை எண்ணிக்கொண்டிருந்த மாதத்தில், கொடுக்கவே தேவையில்லாத காசு கொட்டாஞ்சேனைத் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தது.

வருமானம் குறைந்தவர்கள் முதலில் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கு விண்ணப்பம், வீட்டுக்கு வந்து கணக்கெடுப்பு, புள்ளி, மேன்முறையீடு என்று படிகள் உண்டு. வேலை போன மறுமாதமே கைக்கு வருகிற காசு அல்ல அது. நான் இங்கே சொல்ல வருவதற்கு விண்ணப்பமே கிடையாது. கடையில் காசு கொடுத்து வாங்குகிற யாருக்கும், அந்த நிமிடமே, இருக்கிற உரிமை இது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைத் தருகிறது. பலர் 'பாவனையாளர் சபை' என்று சொல்வது இந்த அதிகார சபையைத்தான்.

முதலில், விலைக்கு எல்லை எப்படி வருகிறது என்பதைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, தயாரிப்பாளரோ இறக்குமதி செய்தவரோ பைக்கற்றில் அச்சடிக்கிற விலை. அதற்கு மேலே ஒரு ரூபாய் கூட்டி விற்றாலும் குற்றம். அந்த விலையை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துப் பாருங்கள், நான் வெட்கப்படாமல் உரிப்பேன். "ஃபிரிட்ஜில வச்சது அக்கா, கூலிங்குக்கு பத்து ரூபா" என்று சோடாவுக்குக் கேட்பார்களே, அச்சடித்த விலைக்கு மேலே வைக்கிற அந்தப் பத்து ரூபாயும் இதில்தான் அகப்படும்.

மற்றது, அதிகார சபையே வர்த்தமானியில் அறிவிக்கும் அதிகபட்ச சில்லறை விலை. இது எல்லாப் பொருளுக்கும் இல்லை. அரிசிக்கு உண்டு, போத்தல் தண்ணீருக்கு உண்டு. பருப்பு, சீனி, வெங்காயம், மரக்கறி போன்றவற்றின் விலை பெரும்பாலும் சந்தையின் கையில்தான். ஆகவே எல்லா விலையேற்றத்துக்கும் இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பயனில்லை. கரட் விலை ஏறினால் ஏறினதுதான்.

அரிசியைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் நம் வீட்டுச் செலவில் அதுதான் தூண். 2024 டிசம்பரில் வந்த வர்த்தமானியின்படி, உள்ளூர் அரிசியின் உச்ச சில்லறை விலை கிலோவுக்குப் பச்சையரிசி 220 ரூபாய், நாட்டரிசி 230, சம்பா 240, கீரிச் சம்பா 260. மொத்த விலைக்கும் எல்லை வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் சில்லறை விலையைவிட ஐந்து ரூபாய் குறைவு, அதாவது நாட்டரிசி மொத்தமாக 225. பாஸ்மதி இந்தப் பட்டியலில் இல்லை. இந்த விலைகள் வர்த்தமானி மாறும்போது மாறும். ஆதலால் பெரிய மூட்டை எடுக்கப் போகும் முன் அதிகார சபையின் தொலைபேசி இலக்கமான 1977க்கு அழைத்து அன்றைய விலையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது கணக்கு. நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ நாட்டரிசி என்று வையுங்கள். கிலோவுக்கு 20 ரூபாய் கூடக் கொடுத்தால் மாதம் 400 ரூபாய், வருடத்துக்கு 4,800. இது விலை பார்த்த கணக்கு மட்டும். இன்னொரு கள்ளமும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது கடினம்: சம்பாவைக் கீரிச் சம்பா என்று சொல்லி விற்பது. விலைப் பலகையில் 260 என்று சட்டப்படி சரியாகவே இருக்கும். சாக்கில் இருப்பதோ 240 ரூபாய் அரிசி. கீரிச் சம்பா மணி பொடியாக, ஒரே அளவாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு பிடி கையில் எடுத்து, பக்கத்துச் சாக்கோடு ஒத்துப் பாருங்கள். பலகையில் எழுதியிருக்கும் பெயரே பில்லிலும் வரவேண்டும் என்று கேளுங்கள். 'அரிசி 5 கிலோ' என்று மட்டும் எழுதிய பில் எதற்கும் உதவாது.

பில் என்ற இடத்தில்தான் நம் ஆட்கள் தயங்குகிறோம். கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது வியாபாரியின் கடமை. திகதி, பொருள், அளவு, விலை அதில் இருக்க வேண்டும். அதேபோல் விலைப் பட்டியலைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொங்கவிடுவதும் கடமை. கையிருப்பில் வைத்துக்கொண்டு "இல்லை" என்பது, விற்க மறுப்பது, விலை ஏறட்டும் என்று பதுக்குவது எல்லாமே இதே சட்டத்தில் குற்றங்கள். சுப்பர் மார்க்கெட்டில் பில் தானாக வரும், அதை வாசலிலேயே கசக்கிப் போடுவோம். தெருக்கடையில் கேட்டால்தான் வரும், அங்கே கேட்க வாய் வராது.

ஏன் வாய் வராது? கொப்பி.

சம்பளம் குறைந்த வீட்டுக்குத் தெருமுனைக் கடையின் கடன் கொப்பிதான் முதல் உதவி. அந்த உதவியை நான் குறைத்துப் பேசவில்லை. சம்பளம் தாமதித்த மாதத்தில் எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கொப்பிதான். ஆனால் கொப்பியில் பெயர் ஏறியதும் நாம் விலை கேட்பதை நிறுத்திவிடுகிறோம். கடன் தந்த மனிதரிடம் "இதில் 180 என்றல்லவா அச்சடித்திருக்கிறது" என்று எப்படிக் கேட்பது? அவரும் கொப்பியில் 'சாமான் 2,350' என்று ஒரே வரியில் எழுதி முடிப்பார். மாதக் கடைசியில் எதற்கு எவ்வளவு என்று இருவருக்குமே தெரியாது. சட்டத்தில் 'கடனுக்கு விற்றால் உச்ச விலைக்கு மேலே போகலாம்' என்று எங்கும் இல்லை. காசுக்கு வாங்கினாலும் கொப்பிக்கு வாங்கினாலும் அரிசியின் எல்லை ஒன்றுதான். நான் கடைசியில் சண்டைக்குப் போகவில்லை. "முதலாளி, வீட்டில கணக்கு எழுதி வைக்கிறோம், ஒவ்வொண்டுக்கும் நிறையும் விலையும் தனியா எழுதித் தாங்க" என்று மட்டும் கேட்டேன். அடுத்த மாதமே சவர்க்காரத்தின் விலை அச்சடித்த விலைக்கு இறங்கியது. அரிசி இறங்கவில்லை.

அரிசியைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: "அக்கா, எனக்கே 228க்குத்தான் வருது. நான் என்ன செய்ய?" அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் மொத்த விற்பனையாளர் 225 என்ற எல்லையை மீறியிருக்கிறார், அந்த மொத்த விற்பனையாளர்மேல் முறைப்பாடு செய்யவேண்டிய ஆள் கடைக்காரரே. புறக்கோட்டை மொத்தக் கடைகளில் மூட்டை எடுக்கும்போது அவருக்கும் பில் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் மேலிருந்து கூட்டி வந்தது என்பதற்காக, அவர் நமக்கு 250க்கு விற்பது நியாயமாகிவிடாது. 228க்கு வாங்கியவர் 250க்கு விற்கிறார் என்றால் இடையில் 22 ரூபாய் இருக்கிறதே.

தண்டனை சின்னது என்று நினைக்காதீர்கள். முன்பு உச்ச விலையை மீறிய தனி வியாபாரிக்கு அபராதம் 1,000 முதல் 20,000 ரூபாய் வரைதான். ஒரு மூட்டையிலேயே அதை எடுத்துவிடுவார்கள். 2021இல் சட்டத்தைத் திருத்தி, தனிநபருக்கு 100,000 முதல் 500,000 வரை, நிறுவனத்துக்கு 500,000 முதல் 50 இலட்சம் வரை என்று உயர்த்தினார்கள். திரும்பவும் அகப்பட்டால் இரட்டிப்பு. சிறிய கடைக்காரரை ஒரு இலட்சம் அபராதம் அடித்துப் போட்டுவிடும். அதனால்தான் நான் முதலில் பேசிப் பார்க்கச் சொல்கிறேன். இது என் சொந்த அபிப்பிராயம், சட்டம் அப்படிக் கேட்கவில்லை.

அடுத்தது பாண். பாணின் நிறைக்குச் சட்டம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2024 பெப்ரவரி வர்த்தமானியின்படி முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் இருக்க வேண்டும். முழுப் பாணில் 13.5 கிராம் வரையும் அரைப் பாணில் 9 கிராம் வரையும் குறையலாம், அதற்குக் கீழே போகக்கூடாது. நிறையை எழுதிக் காட்சிக்கு வைக்கவும் வேண்டும். நாம் இன்னும் 'ஒரு றாத்தல் பாண்' என்கிறோம், 450 கிராம் கிட்டத்தட்ட அந்தப் பழைய றாத்தல்தான். தினம் ஒரு பாண் வாங்கும் வீட்டில் ஒவ்வொன்றிலும் 50 கிராம் குறைந்தால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ, அதாவது மூன்று பாணுக்கு மேலே. மூன்று பாணுக்குக் காசு கொடுத்துவிட்டுக் காற்றை வாங்குகிறோம். பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் வண்டிக்கும் இதே விதிதான். அங்கே தராசைக் கேட்டால் சிரிப்பார்கள். வீட்டில் சின்னத் தராசு இருந்தால் வாங்கியவுடன் நிறுத்துப் பாருங்கள். மறுநாள் காய்ந்த பாணை நிறுத்துக் குறை சொல்லக்கூடாது.

தராசு என்றதும் ஒன்று. வியாபாரத் தராசுகளை ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரை இடவேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி அதைச் செய்வது அளவீட்டு அலகுகள் திணைக்களம். மீன், கருவாடு வாங்கும் இடத்தில் தட்டை வைத்தபிறகு முள்ளு பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடியும்.

2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது, அதன் விலையைப் பில்லில் காட்டவேண்டும். சில்லறைக் காசுதான், ஆனாலும் துணிப் பையை மறக்காதீர்கள். போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரல் முதல் 500 மில்லிலீற்றர் 70 ரூபாய், ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130, ஐந்து லீற்றர் 350 என்பது உச்ச விலை. பஸ் ஏறும் அவசரத்தில் கோட்டையில் அரை லீற்றருக்கு 90 கேட்டால் போத்தலைத் திருப்பிக் கொடுங்கள்.

சரி, பேசியும் சரிவரவில்லை என்றால்? விலை மீறல், பதுக்கல் போன்றவற்றுக்கு 1977க்கு அழைத்து, கடை இருக்கும் இடத்தையும் பொருளையும் கேட்ட விலையையும் சொன்னால் போதும். அதிகாரிகள் வந்து பார்த்து, குற்றம் என்றால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பார்கள். இந்த வழியில் அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் 400 ரூபாய் திரும்பி வராது. காசோ மாற்றுப் பொருளோ வேண்டுமென்றால் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கவேண்டும், அதுவும் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். விசாரித்தபின் நட்டஈடு கொடுக்க, பொருளை மாற்றித் தர, அல்லது காசைத் திருப்பித் தர உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. கொழும்புக்காரருக்கு இடம் கிட்டவே, கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். பில்லின் பிரதி, பைக்கற்றில் விலையும் திகதியும் தெரியும் படம், முடிந்தால் அந்த வெற்றுப் பைக்கற்றும். பைக்கற்றைக் குப்பையில் போட்டபிறகு நினைவுக்கு வருவதுதான் வழக்கம், அதனால் மாதச் சாமானின் உறைகளைப் பில்லோடு சேர்த்து ஒரு பெட்டியில் போட்டுவிடுகிறேன். மூன்று மாதம் கழிந்ததை மட்டும் எறிவேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

எங்கள் கடையில் இப்போது அரிசிச் சாக்குகளின் மேலே ஒரு அட்டைத்துண்டில் விலை எழுதித் தொங்குகிறது. நாட்டரிசி 230. கொப்பியிலும் சாமான் தனித்தனி வரியாக வருகிறது, பருப்பு மட்டும் இன்னும் நிறை இல்லாமல் வருகிறது. அதை அடுத்த மாதம் கேட்கவேண்டும்.