உருகலையே சார்!

"இரும்புதானே சார், எரியவா போகுது? பெயிண்ட் அடிச்சிட்டு அடுத்த வாரம் சரக்கு இறக்கிடலாம்."

போன வாரம் ஒரு குடோன்காரர் சொன்னது. தீப்பிடித்த கட்டடங்களைப் பார்வையிடுவது என் வேலைகளில் ஒன்று. ஆளுக்கு ஆள் இதையே சொல்லி அலுத்துவிட்டது. தலைக்கு மேலே, கூரையைத் தாங்கும் ராஃப்டர் தூளி போலத் தொங்குகிறது. அதன் கீழே நின்றுகொண்டு பேசுகிறார்!

எஃகு எரியாது, சரி. உருகக் கிட்டத்தட்ட 1500 டிகிரி வேண்டும், அதுவும் சரி. ஆனால் விழுவதற்கு ஏன் உருக வேண்டும்? கொல்லர் பட்டறையைப் பார்த்ததே இல்லையா? உலையில் சிவந்த அரிவாள் உருகியா ஓடுகிறது? கட்டியாகத்தான் இருக்கிறது, அடித்த பக்கம் வளைகிறது. 600 டிகிரியிலேயே எஃகின் வலிமை பாதியாகிவிடும். சரக்கு எரியும் குடோனில் 800, 900 எல்லாம் சர்வசாதாரணம். கூரையின் பாரம் மட்டும் குறையவே குறையாது.

போதாததற்கு, சூட்டில் நீளும். 10 மீட்டர் உத்திரத்துக்கு 500 டிகிரி ஏறினால் 6 சென்டிமீட்டர். தூணைத் தள்ள அது போதும்.

டெஹ்ரானின் பிளாஸ்கோ கட்டடம், 17 மாடி, முழுக்க எஃகுச் சட்டம். கீழே கடைகள், மேலே தையல் பட்டறைகள், எங்கும் துணி. 2017 ஜனவரி 19 காலை தீப்பிடித்தது. மூன்றரை மணி நேரத்தில் மொத்தமும் தரைமட்டம். 16 தீயணைப்பு வீரர்கள் இறந்துபோனார்கள்.

எஸ்டிமேட்டில் முதலில் வெட்டுப்படுவது தீக்காப்புப் பூச்சுதான். துருவுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடைக் காட்டி "அதான் பெயிண்ட் இருக்கே" என்கிறார்கள். அது வேறு ஐயா! தீக்காப்புப் பூச்சு சூட்டில் பொங்கி, எஃகைப் போர்வை போல மூடி நேரம் வாங்கித் தரும். ஃபேன் கொக்கி வெல்ட் பண்ண அதைச் சுரண்டாதீர்கள். சரக்கைக் கூரை முட்ட அடுக்காதீர்கள். ஷெட் தகடு மெலிசு, சீக்கிரம் சூடேறும்.

தீக்குப் பிறகு நேராக நிற்கும் சாதா எஃகைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஹை டென்சைல் போல்ட்டை, அதாவது சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றிய போல்ட்டை, மட்டும் நம்ப மாட்டேன். பார்க்கப் புதுசு போலவே இருக்கும், அதன் பதம் போயிருக்கும். கழற்றி மாற்றச் சொல்லிவிடுவேன்.

கடைசியாக, கெஞ்சியே கேட்கிறேன். தீ அணைந்துவிட்டது என்று லோடுமேனை உள்ளே அனுப்பாதீர்கள். தொங்கிப்போன உத்திரம் ஆறும்போது சுருங்கி, மாட்டியிருக்கும் போல்ட்டை இழுக்கும். சில சமயம் அறுத்தும்விடும். கணக்குப் புத்தகம் இரண்டு நாள் உள்ளேயே கிடக்கட்டும்.