சிபில் ரிப்போர்ட்டில் தப்பா? 31-ஆம் நாளிலிருந்து தினம் 100 ரூபாய்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் ஸ்கூட்டி லோனை முழுதாகக் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. சான்றை வாங்கி, ஆர்.சி.யில் இருந்த அடமானத்தையும் நீக்கிவிட்டார். மூன்று வருஷம் கழித்து பவர் மெஷின் வாங்க லோன் கேட்டால், "சிபில்ல பாக்கி காட்டுது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார்கள் என்ற விவரத்தைத் தொகுத்து வைக்கும் நிறுவனம்தான் சிபில். பாக்கி எவ்வளவு? 590 ரூபாய். என்றோ ஒரு மாதம் இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆனதற்கு 500, அதன்மேல் ஜி.எஸ்.டி. 90. என்.ஓ.சி. கொடுத்த கம்பெனியேதான் அதைப் பாக்கி என்று அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. கம்பெனியில் கேட்டால், "சிபில்ல சொல்லுங்க." சிபிலில் கேட்டால், "கம்பெனி சொன்னால்தான் மாற்ற முடியும்."

இந்தப் பந்தாட்டத்துக்கு ஒரு விதி இருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் அதை வாயே திறந்து சொல்வதில்லை.

ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 26-ல் போட்ட உத்தரவு அது. 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் இருக்கிறது. கடன் விவரம் தப்பு என்று நீங்கள் புகார் கொடுத்து 30 நாளில் தீரவில்லை என்றால், அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும். ஞாயிறு, தீபாவளி எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்தம் அனுப்பாவிட்டால் அவர் தரவேண்டும். அவர் அனுப்பியும் சிபில் மாதிரி நிறுவனம் இழுத்தடித்தால் அந்த நிறுவனம் தரவேண்டும். தாமதம் யாரால் என்பதை அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும், அது உங்கள் தலைவலி இல்லை.

இனி மாட்டிக்கொள்ளும் இடங்கள்.

முதலாவது, வாய்வார்த்தை. கிளைக்கு ஆறு தடவை நடந்தேன், மேனேஜர் பார்க்கிறேன் என்றார் என்பார்கள். அந்த ஆறு நடையும் கணக்கில் வராது. புகார் எண் கையில் இருந்தால்தான் நாள் ஓடத் தொடங்கும். சிபில் இணையதளத்தில் போடலாம், வங்கிக்கு மெயில் அனுப்பலாம். நான் இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்வேன். என்.ஓ.சி.யையும் கடைசித் தவணை கழிந்த பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நடுவில் யாராவது "அது க்ளோஸ் ஆயிடுச்சு, புதுசா ஒண்ணு போடுங்க" என்பார். போடாதீர்கள். 30 நாள் முதல் புகாரிலிருந்துதான். புது எண் வாங்கினால் அதைக் காட்டியே நாளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

இரண்டாவது, "ஸ்கோர் கம்மியா இருக்கு" என்று எழுதுவது. ஸ்கோரை, அதாவது அவர்கள் போடும் கடன் மதிப்பெண்ணை, எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்ற சண்டைக்கு இந்த இழப்பீடு கிடையாது. எந்தக் கணக்கு, எந்த வரி, என்ன தப்பு என்று எழுதுங்கள்: "இந்த வாகனக் கடன் முடிந்துவிட்டது, 590 ரூபாய் பாக்கி என்று இருப்பது தவறு, என்.ஓ.சி. இணைத்துள்ளேன்." அவ்வளவு போதும். நான்கு பக்கம் மனக்குமுறல் எழுதினால் முதல் பத்தியோடு மூடிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் மனசு கஷ்டப்படும் இடம். ஒரு லட்சம் பாக்கிக்கு "அறுபதாயிரம் கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்று வசூல்காரர் பேசி நீங்களும் கட்டியிருந்தால், ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று நிற்கும். அது தப்பில்லை என்பார்கள், விதிப்படி அவர்கள் சொல்வது சரிதான். 'க்ளோஸ்டு' என்று வரவேண்டுமானால் அன்று தள்ளுபடி செய்த மீதியையும் கட்டியாக வேண்டும். பேசி முடித்த அன்று இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மைத்துனருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் உங்கள் ரிப்போர்ட்டில் தெரிவதும் இப்படித்தான், அது பிழையில் சேராது.

புகாரில் வங்கிக் கணக்கு எண்ணோ யு.பி.ஐ. ஐ.டி.யோ கேட்கும். பயந்துபோய் காலியாக விடுகிறார்கள். இழப்பீடு அந்தக் கணக்குக்குத்தான் வரும். நீங்கள் தப்பாகக் கொடுத்தால் பொறுப்பு உங்களுடையது. ஆனால் ஓ.டி.பி., பின் நம்பர் எதுவும் இதற்குத் தேவையில்லை. கேட்டால் எதிரில் இருப்பவர் திருடன். "ஐயாயிரம் கொடுங்க, சிபிலை ஏத்தித் தரேன்" என்பவரும் அதே ரகம். நீங்கள் இலவசமாகப் போடும் புகாரைத்தான் அவரும் போடுவார்.

30 நாளுக்குள் "நிராகரிக்கப்பட்டது" என்று பதில் வந்தால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்லியாக வேண்டும். அதிலும் திருப்தி இல்லை, அல்லது 30 நாள் கழிந்தும் பதிலே இல்லை, அல்லது பணம் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, விவரம் கேட்க 14448. நேராக அங்கேயே முதலில் போனால் திருப்பிவிடுவார்கள். வக்கீல் வழியாகப் போட்டாலும் ஏற்கமாட்டார்கள். நீங்களே போடுங்கள், இல்லையென்றால் வக்கீல் அல்லாத ஒருவருக்கு அதிகாரம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள்.

இந்த 100 ரூபாய் தாமதத்துக்கு மட்டும். கைநழுவிய லோனுக்கோ, அதனால் கந்துவட்டிக்கு வாங்கியதற்கோ இதில் ஒன்றும் கிடைக்காது. அதற்கு நுகர்வோர் கோர்ட், அது வேறு நடை.

அக்காவின் புகார் 47-ஆம் நாள் தீர்ந்தது. 17 நாளுக்கு 1,700 ரூபாய். தீர்த்த ஐந்து வேலை நாளுக்குள் வரவேண்டிய பணம், உத்தரவின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டாவது மெயில் போட்ட பிறகுதான் வந்தது. முடிந்தது என்றிருந்தோம். ஊரில் எல்லாவற்றையும் 'சிபில்' என்கிறோமே தவிர, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் நான்கிலுமே இலவசம்; காசு கட்டச் சொல்லும் பெரிய பட்டன்களுக்குக் கீழே அந்த லிங்க்கைத் தேடவேண்டும். தேடி எடுத்துப் பார்த்தால், நான்கில் ஒன்றில் அந்த 590 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தனிப் புகார் போட்டிருக்கிறோம். இன்று 12-ஆம் நாள்.